டி சோட்டோவின் 'இறந்த மூலதனம்': வணிக வளர்ச்சித் தடைகள் குறித்த ஒரு மறுநோக்கு

முன்னுரை

வளரும் நாடுகளில் சிறு வணிகங்கள் பெரும்பாலும் சிறியனவாகவே நின்றுவிடுவது ஏன்? இரண்டு தையற்பொறிகளோடு தொடங்கிய ஒரு கூடம் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே இரண்டு பொறிகளோடு இயங்குவது எதனால்? இவ்வினாக்களுக்கு விடை கூற முயன்ற நூல்களுள், தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டைச் சேர்ந்த பொருளியலறிஞர் எர்னாண்டோ டி சோட்டோ எழுதிய இரு நூல்கள் தனியிடம் பெறுவன. ஒன்று, 1986இல் ஸ்பானிய மொழியில் வெளிவந்த 'மற்றொரு பாதை'. மற்றொன்று, 2000இல் வெளிவந்த 'மூலதனத்தின் மர்மம்'. முதல் நூலின் தலைப்பே, அக்காலத்தில் பெருவை உலுக்கிக்கொண்டிருந்த 'ஒளிரும் பாதை' என்னும் மாவோவிய இயக்கத்திற்கு அளிக்கப்பட்ட மறுமொழியாகும்.

இலத்தீன் அமெரிக்கச் சூழலில் பிறந்த நூல்களை இந்தியவியல் இதழொன்றில் ஆராய வேண்டிய தேவை யாது என்னும் வினா எழலாம். இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, இந்நூல்களின் கருத்துகள் உலக வங்கியின் வழியாக இந்தியா, இலங்கை முதலான நாடுகளின் கொள்கை வகுப்பில் ஆழமாக இடம்பெற்றுள்ளன. இரண்டாவது, டி சோட்டோ பரிந்துரைக்கும் தீர்வு ஏற்கெனவே ஒரு முறை, பெரிய அளவில், தமிழ் வணிகர்களின் பங்கேற்போடு நடைமுறைப்படுத்தப்பட்டுள்ளது. அதன் விளைவு அவருடைய நூல்களில் இடம்பெறவில்லை. அவ்வகையில், டி சோட்டோவின் கருத்து எவ்விடத்தில் வலிமையுடையது, எவ்விடத்தில் நொய்ந்து போகிறது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மையக் கருத்து

டி சோட்டோவின் வாதத்தை மூன்று படிகளாகச் சுருக்கலாம். ஏழைகள் உழைப்பிலோ சேமிப்பிலோ குறைந்தவர்கள் அல்லர். அவர்களிடம் வீடும் நிலமும் கடையும் உள்ளன என்பது முதற்படி. அவ்வுடைமைகள் சட்டப்படி பதிவு பெறாமையால் அவற்றை ஈடாக வைத்துக் கடன் பெறவோ, அறிமுகமற்றவருக்கு விற்கவோ, பங்குகளாகப் பிரிக்கவோ இயலுவதில்லை என்பது இரண்டாம் படி. இவ்வாறு முடங்கிக் கிடப்பதையே அவர் இறந்த மூலதனம் என்கிறார். மூன்றாம் உலக நாடுகளிலும் முன்னாள் பொதுவுடைமை நாடுகளிலும் இவ்வகையில் முடங்கியுள்ள நிலம், கட்டடம் ஆகியவற்றின் மதிப்பு குறைந்தது 9.3 டிரில்லியன் அமெரிக்க டாலர் என்பது அவருடைய கணிப்பு. உடைமைக்குப் பட்டா வழங்கி, பதிவு நடைமுறையை எளிதாக்கினால் இம்மூலதனம் உயிர்பெறும். வணிகம் தானே வளரும் என்பது மூன்றாம் படி.

இவ்வாதத்தின் அறவலிமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஏழைகளை இரங்கத்தக்கோராகக் காட்டும் எழுத்துகள் மலிந்திருந்த காலத்தில், அவர்களைத் தொழில்முனைவோராகக் கண்டவர் டி சோட்டோ. நடைபாதை வணிகரும் சிற்றுந்து உரிமையாளரும் நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கி நிற்பதை அவர் எண்ணிக்கையோடு காட்டினார். ஆயினும், ஒரு நோயைச் சரியாகச் சுட்டுவதும் அதன் மூலத்தைச் சரியாகக் கண்டறிவதும் வெவ்வேறு பணிகளாகும்.

289 நாள்: ஓர் எண்ணின் பயணம்

டி சோட்டோவின் பெயரை உலகறியச் செய்தது ஒரு சோதனை. லிமா நகரின் புறப்பகுதியில் இரண்டு தையற்பொறிகளைக் கொண்ட ஆடைக்கூடம் ஒன்றைச் சட்டப்படி பதிவு செய்ய அவருடைய ஆய்வு நிறுவனம் முயன்றது. நாள்தோறும் ஆறு மணி நேரம் அலுவலகங்களில் செலவிட்டும் அப்பதிவு முடிய 289 நாள் ஆயிற்று. செலவு 1,231 டாலர். அஃது அந்நாட்டின் மாதக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் 31 மடங்காகும்.

இந்த அளவீட்டு முறை பின்னர் உலகப் பயணம் மேற்கொண்டது. 2002இல் சிமியோன் ஜாங்கோவும் பிறரும் 85 நாடுகளில் நிறுவனம் தொடங்குவதற்கான படிநிலைகளை எண்ணி ஆய்வு வெளியிட்டனர். 2003 முதல் உலக வங்கி 'வணிகம் செய்தல்' அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிட்டு நாடுகளைத் தரவரிசைப்படுத்தியது. 2015ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் 142ஆம் இடத்தில் இருந்த இந்தியா, 2020ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் 63ஆம் இடத்துக்கு உயர்ந்தது. இந்த உயர்வு டில்லி, மும்பை ஆகிய இரு நகரங்களை மட்டுமே அளந்து பெறப்பட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. கோயம்புத்தூரிலோ கான்பூரிலோ ஒரு பட்டறைக்காரர் எத்தனை நாள் அலைந்தார் என்பது அக்கணக்கில் சேராது. 2018, 2020 ஆகிய ஆண்டுகளுக்கான அறிக்கைகளில் தரவு முறைகேடுகள் நிகழ்ந்தமை வெளிப்பட்ட பின்னர், 2021 செப்டம்பரில் உலக வங்கி இவ்வறிக்கையையே கைவிட்டது.

தரவு முறைகேட்டினும் அடிப்படையான குறை ஒன்றுண்டு. பதிவு என்பது வணிகத்தின் தொடக்கத்தில் நிகழ்வது. வளர்ச்சி என்பது அதன்பின் பல்லாண்டுகள் நிகழ்வது. முன்னதை அளந்து பின்னதைப் பற்றி முடிவு கூறுவது, வாசலின் அகலத்தை அளந்து வீட்டின் கொள்ளளவைச் சொல்வதற்கு ஒப்பாகும். மெக்சிகோ நாட்டில் பதிவு நடைமுறை எளிதாக்கப்பட்ட நகராட்சிகளை ஆராய்ந்த மிரியம் புருன் (2011), பதிவு பெற்ற நிறுவனங்களின் எண்ணிக்கை 5 விழுக்காடு உயர்ந்ததைக் கண்டார். ஆயின், அவ்வுயர்வு முன்பு கூலி வேலை செய்தோர் புதிதாகத் தொழில் தொடங்கியதால் ஏற்பட்டது. ஏற்கெனவே பதிவின்றி இயங்கிய வணிகர்கள் புதிய வாயில் வழியாக உள்ளே வரவில்லை.

இலங்கையில் நிகழ்ந்த கள ஆய்வு இதனை மேலும் தெளிவாக்குகிறது. டி மெல், மெக்கன்சி, உட்ரஃப் ஆகியோர் (2013) பதிவு பெறாத சிறு நிறுவனங்களுக்குப் பதிவு முறையைப் பற்றிய தகவலை அளித்து, அதற்கான கட்டணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தனர். அதனால் பயன் விளையவில்லை. பதிவு செய்வோருக்கு ஏறத்தாழ அரை மாதம் முதல் ஒரு மாத இலாபத்துக்கு ஈடான தொகை வழங்கப்பட்டபோது ஐந்தில் ஒரு பங்கினர் பதிவு செய்தனர்; இரு மாத இலாபத்துக்கு ஈடான தொகைக்குப் பாதிப்பேர் இசைந்தனர். பதிவின் செலவைக் காட்டிலும் பதிவால் கிடைக்கும் பயன் சிறிதாக இருந்ததே தயக்கத்திற்குக் காரணம் என்பது இதன்வழிப் புலனாகிறது. பதிவு செய்யாதோர் மிகுதியாகக் கூறிய காரணம் கடை அமைந்துள்ள நிலத்தின் உரிமைச் சிக்கல் என்பதையும் மறைத்தல் கூடாது. இவ்விடத்தில் டி சோட்டோவின் நோக்கு மெய்ப்படுகிறது. ஆகவே, நிலவுரிமை பற்றிய அவருடைய கருத்தைத் தனியே ஆராய வேண்டியுள்ளது.

பட்டாவும் கடனும்

பெரு அரசு 1996இல் நகர்ப்புற ஏழைகளுக்குப் பட்டா வழங்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் 12 இலட்சம் அளவிலான குடும்பங்கள் பட்டா பெற்றன. டி சோட்டோவின் கருத்துக்கு அவருடைய சொந்த மண்ணிலேயே அமைந்த உரைகல் இது எனலாம். எரிக்கா ஃபீல்டும் மாக்சிமோ டொரேரோவும் இதன் விளைவை ஆராய்ந்தபோது, தனியார் வங்கிகள் பட்டாதாரர்களுக்குக் கடன் வழங்கும் வாய்ப்பு உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. கடன் பெற்றோருக்கு வட்டி மட்டும் ஓரளவு குறைந்தது. அதே வேளையில், வீட்டைக் காவல் காக்க வேண்டிய தேவை நீங்கியதால் குடும்பத்தினர் வெளியே சென்று உழைக்கும் நேரம் மிகுந்ததை ஃபீல்டு (2007) எடுத்துக்காட்டினார்.

அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் புறநகரில் கலியானி, ஷார்க்ரோட்ஸ்கி ஆகியோர் (2010) மேற்கொண்ட ஆய்வின் முடிவும் இத்தகையதே. 1981இல் ஒரே பகுதியில் குடியேறிய குடும்பங்களுள் சிலவற்றுக்குப் பட்டா கிடைத்தது. நில உடைமையாளர் சிலர் வழக்காடியதால் ஏனையவற்றுக்குக் கிடைக்கவில்லை. பட்டா பெற்றோர் வீட்டை மேம்படுத்தினர். பிள்ளைகளை மேலும் படிக்க வைத்தனர். அடமானக் கடன் மட்டும் மிகச் சிறிய அளவிலேயே பெருகியது.

பட்டாவினால் நன்மை விளைந்தது. அந்நன்மை டி சோட்டோ கூறிய வழியில் விளையவில்லை. பட்டா மக்களுக்கு அச்சமின்மையைத் தந்தது, மூலதனத்தைத் தரவில்லை. வங்கியின் நிலையில் நின்று நோக்கினால் இதன் காரணம் விளங்கும். கடன் திரும்பாதபோது ஓர் ஏழையின் சிறு வீட்டைக் கைப்பற்றி விற்பது செலவு மிக்கது. அத்தகைய வீட்டை அக்கம்பக்கத்தில் வாங்குவோரும் அரியர். வங்கி நோக்குவது மாதந்தோறும் வரும் வருவாயையே.

டி சோட்டோவின் ஆதரவாளர் இதற்கு ஒரு மறுமொழி கூறுவர். பட்டா மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை. ஈட்டுப் பொருளைக் கைப்பற்றும் சட்டமும் நீதிமன்றமும் தரகரும் சந்தையும் இணைந்து இயங்க வேண்டும் என்பதே அவருடைய முழுக்கருத்து என்பர். இம்மறுமொழி நியாயமானது. உடைமையை இழக்க நேரிடும் என்னும் நிலையே மனிதரைப் பொறுப்புடையவராக்குகிறது என்று அவர் தம் நூலில் வாதிடுகிறார். அவ்வாறாயின், இவையனைத்தும் ஒருங்கே அமைந்த ஓரிடத்தில் என்ன நிகழ்ந்தது என்று காண்பதே முறையாகும்.

கீழ்ப் பர்மா: எழுதப்படாத அத்தியாயம்

டி சோட்டோ தம் இரண்டாம் நூலில் அமெரிக்காவின் மேற்கு எல்லையை முன்மாதிரியாகக் கொள்கிறார். அங்குக் காட்டைத் திருத்திக் குடியேறியவர்களின் உரிமையைச் சட்டம் படிப்படியாக ஏற்றது. 1862இன் குடியிருப்பு நிலச் சட்டம் அதன் முத்தாய்ப்பு என்பது அவர் கூற்று. இதற்குச் சற்றும் குறையாத மற்றொரு எல்லைப்புறம் ஆசியாவில் இருந்தது. அது கீழ்ப் பர்மாவின் ஐராவதி வடிநிலம்.

1876இன் நிலம், வருவாய்ச் சட்டப்படி, ஒரு நிலத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கைவசம் வைத்து வரி செலுத்தியவருக்கு, பரம்பரையாகத் தொடரத்தக்கதும் பிறருக்கு மாற்றத்தக்கதுமான உரிமை கிட்டியது. உழைத்துத் திருத்திய நிலம் சட்டத்தின் ஏற்புப் பெற்று ஈட்டுப் பொருளாயிற்று. அந்த ஈட்டின்மேல் கடன் வழங்க நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இருந்தனர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்னும் ஒழுங்கோடு அவர்களின் கிட்டங்கிகள் ஊர்தோறும் இயங்கின. நடப்பு வட்டி மாதந்தோறும் கோயிலில் கூடி முடிவு செய்யப்பட்டது. ஆங்கிலேய வங்கிகளின் பணமும் செட்டிநாட்டுச் சேமிப்பும் அவர்கள் வழியாகவே உழவரைச் சென்றடைந்தன. பட்டா, ஈடு, கடன், நீதிமன்றம், உலகச் சந்தை ஆகிய ஐந்தும் அங்கு இருந்தன. அரிசி ஏற்றுமதியில் பர்மா உலகின் முன்னணிக்கு வந்தது.

1930இல் நெல் விலை வீழ்ந்தது. கடன் திரும்பவில்லை. முதன்மையான 13 நெல் விளையும் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார்களின் நிலவுடைமை, 1937 அளவில் 25 விழுக்காடாக உயர்ந்தது. அவர்கள் விரும்பித் தேடிய நிலமன்று அது. பணமாக இருந்த முதல் மண்ணாக முடங்கியது. உழவர் நிலமிழந்தனர்; செட்டியார் முதலிழந்தனர். இந்தியர்க்கு எதிரான சினம் வளர்ந்தது. 1942இன் போரும் 1948இன் நில நாட்டுடைமைச் சட்டமும் எஞ்சியதை முடித்து வைத்தன.

இவ்வரலாறு டி சோட்டோவின் கருத்தில் உள்ள பெரும் இடைவெளியைக் காட்டுகிறது. இறந்த மூலதனத்தை உயிர்ப்பிக்கும் அதே பொறி, விலை வீழ்ச்சிக் காலத்தில் உடைமையை உரியவரிடமிருந்து பிரிக்கும் பொறியாகவும் இயங்கும். ஏழையிடம் உள்ள ஒரே உடைமை வீடோ நிலமோ ஆகுமெனில், அதனை ஈடு வைத்து வணிகம் செய்யச் சொல்வது ஆக்கத்திற்கும் அழிவிற்கும் ஒருங்கே வழி திறப்பதாகும். மலாயாவில் காலனிய அரசு இதனை உணர்ந்திருந்தது. பதிவின்வழி உரிமையை நிலைநாட்டும் டோரன்ஸ் முறையை நடைமுறைப்படுத்திய அதே அரசு, 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தை இயற்றி நிலம் கைமாறுவதைக் கட்டுப்படுத்தியது. 1933இல் அதனை மேலும் இறுக்கியது. அதன் அரசியல் நோக்கங்கள் வேறு ஆய்வுக்குரியன. உரிமையைப் பதிவு செய்வதும் அதனைத் தங்குதடையின்றிச் சந்தைக்கு விடுவதும் ஒன்றல்ல என்பது மட்டும் அன்றே தெளிவாகியிருந்தது.

திருப்பூர் காட்டும் வேறு தடைகள்

டி சோட்டோவின் லிமா தையற்கூடத்திற்கு இணையான தமிழகச் சான்று திருப்பூர் பின்னலாடைத் தொழிலாகும். இங்குள்ள நிறுவனங்களைப் பற்றி அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் வெளியிட்ட ஆய்வு மிகுந்த கவனத்திற்குரியது. உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தினர் வெளியாரைக் காட்டிலும் பன்மடங்கு முதலீட்டோடு தொழிலைத் தொடங்கினர். ஆயின், வெளியாரின் நிறுவனங்கள் விரைவாக வளர்ந்து சில ஆண்டுகளில் ஏற்றுமதியில் அவர்களை முந்தின. திறன் மிக்கவரிடம் பணம் குறைவாகவும், பணம் மிக்கவரிடம் அதைப் பயன்படுத்தும் வாய்ப்புக் குறைவாகவும் இருந்தன. உறவினரின் பணம் உறவுக்குள்ளேயே சுழன்றது. பட்டா இங்குச் சிக்கலாக இருக்கவில்லை. நம்பிக்கையின் எல்லையே சிக்கலாக இருந்தது.

மும்பைக்கு அருகிலுள்ள நெசவாலைகளை ஆராய்ந்த நிக்கோலஸ் புளூமும் பிறரும் (2013) கண்ட முடிவு இதனோடு இயைகிறது. மேலாண்மை அறிவுரை பெற்ற ஆலைகளின் உற்பத்தித் திறன் முதலாண்டிலேயே 17 விழுக்காடு உயர்ந்தது. இத்துணைப் பயனுள்ள முறைகளை அவ்வாலைகள் முன்னரே மேற்கொள்ளாமைக்கும், அவை மேலும் விரிவடையாமைக்கும் உரிய காரணங்களைத் தேடியபோது, ஒரு நிறுவனத்தின் அளவு அதன் உரிமையாளர் குடும்பத்திலுள்ள ஆண்களின் எண்ணிக்கையோடு நெருங்கிய தொடர்புடையதாகக் காணப்பட்டது. பொறுப்பை ஒப்படைக்க மகனோ தம்பியோ இல்லாதபோது அடுத்த ஆலை எழுவதில்லை. வெளியாள் ஏமாற்றினால் வழக்கு முடியப் பல்லாண்டுகள் ஆகும் என்பது முதலாளிக்குத் தெரியும்.

சட்டத்தைத் தடையாகவே காணும் நோக்கும் திருப்பூரில் மறுபரிசீலனைக்கு உள்ளாகிறது. சாயப்பட்டறைக் கழிவுகள் பல்லாண்டுகளாக நொய்யலாற்றில் கலந்தன. உழவருக்குப் பாசனம் தரக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. உரிய காலத்தில் விதிகள் நடைமுறைப்படுத்தப்படாமையால் பட்டறைகள் மலிவாக வளர்ந்தன. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது பின்னலாடைத் தொழில் முழுவதுமே நிலைகுலைந்தது. விதி இன்மையால் பெற்ற வளர்ச்சி, விதி வந்த ஒரே நாளில் நின்றது. இங்குத் தொழிலுக்குத் தேவைப்பட்டது, தொடக்கம் முதல் அனைவருக்கும் ஒரே சீராக இயங்கும் சட்டமாகும்.

இன்னொன்றையும் சுட்டுதல் வேண்டும். சிறு நிறுவனங்களுக்குரிய தொகையைப் பெருநிறுவனங்கள் காலந்தாழ்த்தித் தருவது இந்தியாவில் நெடுநாளைய குறை. 2006இன் சட்டம் 45 நாள் வரம்பை விதித்தது. தவறினால் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு வட்டி என்றது. ஆயினும் வாங்குவோர்மேல் வழக்குத் தொடுத்தால் அடுத்த கொள்முதல் ஆணை கிடைக்காது என்னும் அச்சத்தால் சிறு உற்பத்தியாளர் வாய்திறப்பதில்லை. காலத்தில் செலுத்தாத தொகைக்கு வருமானவரிக் கழிவு இல்லை என்று 2023இன் நிதிச் சட்டம் வகுக்க வேண்டியதாயிற்று. சட்டப்படி பதிவு பெற்ற நிறுவனமே தன் பணத்தைக் கேட்க இயலாது நிற்கும் இந்நிலையை, டி சோட்டோவின் 'உள்ளே', 'வெளியே' என்னும் இருபாற் பகுப்பு விளக்க இயலாது.

'முறைசாரா' என்னும் சொல்

இவ்விடத்தில் தமிழில் வழங்கும் ஒரு கலைச்சொல்லை நோக்குதல் பயனுடைத்து. கானா நாட்டில் ஆய்வு செய்த மானிடவியலர் கீத் ஹார்ட் 1970களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய கருத்தாக்கத்தை நாம் 'முறைசாரா' என்றும், தமிழகத்தில் 'அமைப்புசாரா' என்றும் வழங்கி வருகின்றோம். வகுப்பறைகளிலும் இச்சொல்லே பயில்கிறது.

தமிழில் 'முறை' என்பது ஒழுங்கையும் நீதியையும் மட்டும் குறிப்பதன்று. அஃது உறவையும் குறிக்கும். முறைமாமன், முறைப்பெண் என்னும் வழக்குகள் இதற்குச் சான்று. கிட்டங்கியின் கணக்கும் திருப்பூரின் பங்காளி முதலீடும் அரசுப் பதிவேட்டுக்குப் புறத்தே இயங்கியிருக்கலாம். அவை முறையைச் சாராதவை என்று கூறுதல் பொருந்தாது. அவை முற்றிலும் முறையைச் சார்ந்தே இயங்கின. உறவுமுறை அவற்றின் வலிமை. அவ்வுறவுமுறையின் எல்லையே அவற்றின் வளர்ச்சிக்கும் எல்லை. 'முறைசாரா' என்று பெயரிட்ட அளவிலேயே இவ்வுண்மை நம் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது. 'பதிவுசாரா' என வழங்குவது இதனினும் பொருத்தமாகும் என்பது நம் கருத்து. பதிவின்மை ஒரு செய்தி. முறையின்மை ஒரு தீர்ப்பு.

முடிவுரை

டி சோட்டோ ஏழை வணிகரின் ஆற்றலைக் கண்டுணர்ந்து உலகுக்கு உணர்த்தியவர். அலுவலகங்களின் இழுத்தடிப்பு உண்மையானது. அதனைக் குறைக்க வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. ஆயினும், அவர் ஒரு வாயிலைத் திறந்துவிட்டால் போதும் என்று நம்பியவிடத்தில், வாயிலுக்கு அப்பால் வேறு பல தடைகள் நிற்கின்றன. உறவுக்கு வெளியே நம்பிக்கை நீளாமை, தீர்ப்புக் காலந்தாழ்தல், வலியவரிடம் தன் பணத்தைக் கேட்க இயலாமை, சீரற்ற சட்ட நடைமுறை ஆகியன அவற்றுள் சில. அறிமுகமில்லாத ஒருவரை நம்பித் தொழிலை ஒப்படைக்கும் துணிவு இருந்தாலன்றி வணிகம் வளர்வதில்லை. அத்துணிவை விரைந்து தீர்ப்பளிக்கும் நீதிமன்றமும், ஒப்பந்தப்படி பணம் வந்து சேரும் என்னும் உறுதியுமே தரவல்லன. பட்டா தனித்து நின்று அதனைத் தருவதில்லை.

இந்தியப் பொருளியல் வரலாற்றைக் கற்பிப்போர்க்கு இதனால் ஒரு கடமை உண்டாகிறது. பெருவிலிருந்து வந்த கொள்கையை மாணவர்க்கு விளக்கும்போது, ஐராவதிக் கரையில் தமிழ் வணிகரும் பர்மிய உழவரும் அதே கொள்கைக்குக் கொடுத்த விலையையும் உடன் வைத்து விளக்குதல் வேண்டும். கிட்டங்கிக் கணக்கேடுகளையும் நிலப்பதிவேடுகளையும் இந்நோக்கில் மீண்டும் வாசிக்கும் ஆய்வுகள் நம் துறையிலிருந்து எழுமாயின், வளர்ச்சி பற்றிய விவாதத்துக்குத் தமிழாய்வு அளிக்கும் பங்கு சிறிதாக இராது.